டார்ச்சை எந்தப் பக்கம் திருப்புவது

நம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே,

கொஞ்ச நாளாக என் போனுக்கு வருகிற காலை வணக்கப் படங்களைவிட டார்ச் லைட் படங்கள்தான் அதிகம். "அம்மா, இது வாங்கலாமா?" "அம்மா, இதுல ஆஃபர் போட்டிருக்கான், இன்னைக்கு ராத்திரியோட முடியுதாம்." "அம்மா, இது ஒரு கிலோமீட்டருக்கு அடிக்குமாம்." ரிட்டயர் ஆனதும் கல்லல் பக்கம் எங்கள் வயலில் நாலு வெண்டைச் செடி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். நீங்கள் என்னை எலக்ட்ரிக் கடைக்காரி ஆக்கிவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதுகிறேன். அப்புறம் யாரும் படம் அனுப்பக் கூடாது.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவனை வெளிச்சம் போட்டுப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? அவன் அங்கிருந்து ஓடினால் பிடித்துவிடுவீர்களா? நம் வேலையில் டார்ச் தேவைப்படுகிற தூரம் ஒரு கல்யாண மண்டபத்து நீளம்தான். அதற்கு மேலே தெரிந்து பிரயோஜனம் இல்லை. ஆனாலும் கடைக்குப் போனால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "இருக்கிறதுலயே பெருசா அடிக்கிறது எது?" என்றுதான்.

சின்னதாக இருக்க வேண்டும், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பெரிய டார்ச் வண்டியிலேயே கிடக்கும். பையில் அடங்குவதுதான் தேவைப்படுகிற நேரத்தில் கையில் இருக்கும். ஆனால் சின்ன டார்ச்சில் பெரிய வெளிச்சம் என்றால் சூடும் பெரிதாகத்தான் இருக்கும். ஒரு தேரோட்டப் பந்தோபஸ்தில் வடம் பிடிக்கிற கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஏட்டு ஒருவர் திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு குதித்தார். சாமி வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் விபூதி கொண்டுவந்து பூசினார்கள். பேன்ட் பையில் டார்ச் தானாக எரிந்து துணி பொசுங்கிவிட்டது என்று பாவம் அந்த மனிதர் எப்படிச் சொல்வார்? பூசியதை வாங்கிக்கொண்டு, அருள் வந்தவர் மாதிரியே நடந்து ஓரமாக ஒதுங்கிவிட்டார். அதனால் வாங்கும்போது பட்டன் தானாக அமுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிக்கொள்ளும் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்றுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். டார்ச் என்றதும் நீங்கள் ராத்திரி ரோந்தை நினைப்பீர்கள். நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு ஆச்சி ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். எதிரில் இருக்கிற பூட்டிய வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்றார். நம் பகுதியில் பூட்டிய வீடு என்றால் என்ன என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாண சாந்தி என்றால் மட்டும் எல்லாரும் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் ஒரு வாட்ச்மேன், ஒரு சாவிக்கொத்து, நிறையப் புறா.

நானும் கார்த்தியும் போனோம். கார்த்தி அப்போதுதான் போலீஸில் சேர்ந்திருந்த பிள்ளை. நல்ல பிள்ளை, வேலைக்கு அஞ்சாதவன். அந்த வாரம்தான் ஆன்லைனில் ஒரு டார்ச் வாங்கியிருந்தான். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், போட்டால் கார் ஹெட்லைட் தோற்றுப்போகும். ஸ்டேஷனில் ஒருவர் முகம் பாக்கியில்லாமல் அடித்துக் காட்டி எல்லாரிடமும் திட்டு வாங்கியிருந்தான்.

எதிர்வீட்டு ஆச்சி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க வாங்க. கல்யாணத்துக்காகக் காலையில இருந்து ஆள் வச்சு வீட்டைக் கூட்டுனாக. மத்தியானம் எல்லாரும் வேனுல ஏறிப் போயிட்டாக. இந்த ராமு பூட்டுனத நானே பாத்தேன். இப்ப என்னடான்னா மச்சுல ஒரு ஜன்னல் கதவு ஆடுது. காத்தே இல்லையே, எப்படி ஆடும்? பூனை கத்துற மாதிரி ஒரு சத்தம் வேற."

மச்சு என்று ஆச்சி சொன்னது மாடியை. ராமு என்பவர்தான் அந்த வீட்டு வாட்ச்மேன். சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் நல்லாப் பாத்துத்தாம்மா பூட்டுனேன். ஒரு குண்டூசி போயிருந்தாலும் என்னையத்தான கேப்பாக. மச்சுக்கா போறீக? பாத்துப் போங்கம்மா. கரண்ட் நாளைக்குத்தான் குடுக்குறாக. பின்னாடி மச்சுப்படியும் இல்ல."

"படி இல்லையா? எங்க போச்சு?"

"வித்துட்டாகம்மா."

அந்த வீட்டில் பங்கு உள்ளவர்கள் ஒரு வேன் நிறைய இருப்பார்கள். அவரவர் அறையை அவரவர் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார்கள். பின்கட்டிலிருந்து மாடிக்கு ஏறுகிற தேக்குப் படிக்கட்டு தன் பங்கில் வருகிறது என்று ஒருவர் அதைக் கழற்றிப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார். படி போய்விட்டது. படி வந்து ஏறுகிற திறப்பு மட்டும் மாடித் தரையில் அப்படியே கிடந்தது. அதைப் பலகை போட்டு மூடுங்கள் என்றால், அது அவர் பங்கு, நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்களாம். ராமுதான் நாலு பக்கமும் கயிறு கட்டி வைத்திருந்தார். அன்று காலை கூட்டுவதற்காக அந்தக் கயிற்றையும் அவிழ்த்திருந்தார்கள்.

திருடன் அந்த வழியாகக் குதித்துப் பின்வாசலுக்கு ஓடிவிடக் கூடாது என்று ராமுவைப் பின்கட்டில், அந்தத் திறப்புக்கு நேர் கீழே நிறுத்தினேன். நானும் கார்த்தியும் முன்பக்கமாக உள்ளே போனோம்.

வளவில், அதாவது நடு முற்றத்தில், வெயில் கொட்டிக்கிடந்தது. ஆனால் அதைச் சுற்றியிருக்கிற அறைகளுக்குள் எட்டிப் பார்த்தால் கண்ணைக் கட்டியது மாதிரி இருட்டு. கார்த்தி முதல் அறைக்குள் டார்ச்சைப் போட்டான். போட்ட வேகத்தில் பின்னால் வந்து என் மேல் மோதினான்.

"அம்மா, அங்குட்டு ஒருத்தன் டார்ச் அடிக்கிறான்மா! டேய், யார்ரா அது? வெளிய வா!"

லத்தியை வேறு ஓங்கிவிட்டான். எதிரே ஆளுயர நிலைக்கண்ணாடி. அதற்குள் இவனே லத்தியோடு நிற்கிறான். கண்ணாடி இல்லாவிட்டாலும் இதே கதைதான் நடந்திருக்கும். நம் ஊர் பழைய வீட்டுச் சுவர்கள் கையை வைத்தால் வழுக்குகிற அளவுக்குச் சுண்ணாம்பு பூசித் தேய்த்தவை. பெரிய வெளிச்சத்தைப் போட்டால் முழுசாகத் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கும். நான் சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான். மாடிக்கு ஏறும்போது இரண்டு பேருக்குமே கண்ணில் பச்சைப் பச்சையாகப் புள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

மாடியில் ஒரு நீளக் கூடம். தெருப்பக்கத்து அறை ஒன்றில் மட்டும் ஜன்னல் திறந்திருந்தது. கூடத்துக்கு அந்த வெளிச்சம் எட்டவில்லை. கார்த்தி டார்ச்சைச் சுழற்றினான். கூடத்தின் பாதி தூரத்துக்கு அப்பால் ஒரு ஆள் நின்றது. பெண். முப்பது வயது இருக்கும். தலையில் தூசிக்குத் துணி கட்டியிருந்தாள். ஒரு கையில் ஒட்டடைக் கம்பு, இன்னொரு கை கண்ணை மறைத்தபடி இருந்தது.

"நில்லு! கம்பக் கீழ போடு!" என்று கார்த்தி கத்தினான்.

அவள் போடவில்லை. கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் தரையில் கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது. படிக்கட்டு இருந்த இடம். கீழே இரண்டு ஆள் ஆழம், கருங்கல் தரை.

"அங்குட்டுப் போகாதம்மா! நில்லு!" என்று நானும் கத்தினேன். என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் மைக் இல்லாமல் கூட்டத்தை ஒதுக்கிய குரல் அது. அவள் இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

கார்த்தி பாய்ந்து போய்ப் பிடித்துவிடலாம் என்று காலை எடுத்தான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். நாம் ஒரு அடி வைத்தால் அவள் ஒரு அடி பின்னால் வைக்கிறாள், நாம் ஓடினால் அவளும் ஓடுவாள், அவளுக்கு ஓட மிச்சம் இருந்தது கொஞ்ச இடம்தான்.

அந்த நேரம் கீழே இருந்து ராமு கத்தினார். "அம்மா! ஓட்டைக்கிட்ட யாரோ நிக்கிறாக! விழுந்துறப் போறாக!"

அந்தச் சத்தம் அந்தத் திறப்பு வழியாக, அவள் குதிகாலுக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடம் முழுக்க எதிரொலித்தது. எப்பேர்ப்பட்ட திருடியாக இருந்தாலும் அப்போது தலையைத் திருப்பாமல் இருக்க முடியாது. அவள் தோள்கூட அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை. நாங்கள் இவ்வளவு நேரம் யாரிடம் கத்திக்கொண்டிருந்தோம்?

அவள் பக்கமிருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூட்டிய வீட்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்ட பெண். காலடிச் சத்தம் கேட்காது, குரல் கேட்காது, போலீஸ் என்று சொன்னது கேட்காது. திடீரென்று இருட்டிலிருந்து ஒரு வெளிச்சம் வந்து கண்ணைப் பொசுக்குகிறது. அதற்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா, ஒருவனா நாலு பேரா, எதுவும் தெரியாது. அந்த வெளிச்சம் கிட்டே கிட்டே வருகிறது. நானாக இருந்தால் கம்பை வீசியிருப்பேன்.

"டார்ச்சைக் கொறைடா" என்றேன்.

கார்த்தி பட்டனை அமுக்கினான். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் நீங்கள் எனக்கு அனுப்புகிற படங்களில் பாதி இந்த ரகம்தான். அந்த டார்ச்சில் பெரிய வெளிச்சத்திலிருந்து சின்ன வெளிச்சத்துக்கு வர, நடுவில் இன்னொன்றைத் தாண்ட வேண்டும். பளிச் பளிச் என்று வெட்டுகிற வெளிச்சம். எதிராளியைத் திகைக்க வைக்க என்று டப்பாவில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பாவி டார்ச் அவள் முகத்தில் வெட்ட ஆரம்பித்தது. அவள் வாயைத் திறந்து அலறினாள். ஆச்சி பூனைச் சத்தம் என்று சொன்னது அதுதான். மத்தியானத்திலிருந்து அந்த ஜன்னல் கதவை ஆட்டி ஆட்டி உதவி கேட்டிருக்கிறாள். உள் இருட்டில் ஆள் தெரியாததால் யாருக்கும் புரியவில்லை.

அலறிக்கொண்டே பின்னால் வைத்தாள். திறப்பின் ஓரத்துச் சட்டம் அவள் குதிகாலுக்கு அடியில் இருந்தது.

டார்ச்சை அணைக்கலாமா என்று நினைத்தேன். அணைத்தால் கண்ணில் அடித்த அடிக்கு அவளுக்கு ஒன்றுமே தெரியாது, அந்த ஓட்டை உட்பட. அந்த ஓட்டை அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும், காலையில் அதைச் சுற்றித்தான் கூட்டியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் வெளிச்சத்தில் கண் கூசித் திசை தப்பிவிட்டது. இப்போது கூடத்தின் எந்த மூலையில் நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தேவை வெளிச்சம்தான், அது அவள் மேல் விழக் கூடாது.

கார்த்தி கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினேன். இன்னொரு தடவை அமுக்கிச் சரிசெய்யவெல்லாம் நேரம் இல்லை. வெட்டிக்கொண்டிருந்தபடியே அதை என் முகத்தின் மேல் திருப்பினேன். மறு கையால் தொப்பியைக் கழற்றிப் போட்டேன். கொண்டை தெரியட்டும், பொட்டு தெரியட்டும், காக்கிச் சட்டை தெரியட்டும். பிறகு சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்று என்னால் முடிந்த அளவுக்குப் பல்லைக் காட்டினேன். காலி உள்ளங்கையை அவளுக்குக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறி அடிக்கிறது. அவள் நிற்கிறாளா, விழுந்துவிட்டாளா? விழுந்தால் சத்தம் வருமே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷ சர்வீஸில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது. கத்திக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அங்கே குத்து விழுந்தால் எனக்கு விழும். இங்கே ஒரு தப்பும் செய்யாத பெண் செத்துப்போவாள், அதுவும் எங்களால்.

"நின்னுட்டாம்மா" என்று கார்த்தி கிசுகிசுத்தான். "உங்களையே பாக்குது."

"கம்பு?"

"எறக்கிருச்சு. அம்மா, அழுகுதும்மா."

பட்டனை அமுக்கிச் சின்ன வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக டார்ச்சை என் முகத்திலிருந்து சட்டைக்கு இறக்கினேன். சட்டையிலிருந்து பூட்ஸுக்கு. பூட்ஸிலிருந்து தரையோடு தரையாக அவள் பக்கம் கொண்டுபோனேன், அவள் கால்வரை, காலைத் தாண்டி அந்தத் திறப்புவரை. அவள் வெளிச்சத்தின் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். தனக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். முன்பக்கமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவளை இழுத்து தோளோடு அணைத்துக்கொண்டேன்.

ராமு முன்படி வழியாக மூச்சு வாங்க ஏறிவந்தார்.

"ஐயய்யோ, இது நம்ம பொன்னழகும்மா! இதுக்குக் காது கேக்காது, வாயும் பேச வராது. வேனுல ஏறிருச்சுன்னுல்ல நெனச்சேன்!"

வேன் இரண்டு வந்திருக்கிறது. நெற்குப்பை என்கிற ஊரில் இன்னொரு வீட்டைக் கூட்ட வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பியிருக்கிறார்கள். இந்த வேனில் இருந்தவர்கள் அவள் அந்த வேனில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். அந்த வேனில் இருந்தவர்கள் இந்த வேனில் என்று நினைத்தார்கள். அவள் போன் இருந்த பை ஒரு வேனில் பத்திரமாகப் போய்விட்டது. ராமு கீழே நின்று, "யாரும் இருக்கீகளா?" என்று நன்றாகச் சத்தம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பூட்டியிருக்கிறார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அந்த மனிதர் அவள் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பொன்னழகுதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஆக, டார்ச் வாங்குகிறவர்களே, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். முதல் அமுக்கில் சின்ன வெளிச்சம் வருகிற டார்ச்சாகப் பாருங்கள். பெரிய வெளிச்சம் வேண்டுமென்றால் நீங்களாகத் தேடிப் போகிற மாதிரி இருக்கட்டும். வெட்டுகிற வெளிச்சம் இல்லாத டார்ச் கிடைத்தால் காசு கூடக் கொடுத்தே வாங்கலாம். கடையில் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சின்ன வெளிச்சத்தை வைத்து உங்கள் முகத்தின் மேல் திருப்பிப் பாருங்கள். எதிரே இருப்பவருக்கு உங்களை யாரென்று காட்ட அந்த டார்ச் உதவுமா என்று பாருங்கள். சட்டைப் பையில் கிளிப் மாட்டி மேல்நோக்கி வைத்தால் முகமும் தெரியும், இரண்டு கையும் சும்மா இருக்கும். காது கேட்காதவரிடம் பேச அந்த இரண்டு கையும் வேண்டும்.

கார்த்தியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவன் கிட்டே வரவே இல்லை. படிக்கட்டுப் பக்கம், இருட்டில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டேன், வரவில்லை. பொன்னழகு என் தோளில் இருந்து தலையைத் தூக்கி அவன் நின்ற பக்கம் பார்த்தாள். கையை ஆட்டி வா என்றாள். அவன் வந்து, ஒரு பள்ளிக்கூடப் பையன் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்றான். அவள் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கினாள். பட்டனைத் தடவிப் பார்த்து அணைத்தாள், மறுபடி போட்டாள். பழைய முழு வெளிச்சம் வந்தது. தன்னைத் துரத்தியது யார் என்று பார்க்க நினைக்கிறாள் என்று தெரிந்தது. அது நியாயம்தானே? கார்த்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தயாராக நின்றான்.

அவள் டார்ச்சை அவன் முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் தன் முந்தானையை எடுத்தாள். மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, டார்ச்சின் வாயைச் சுற்றிக் கட்டினாள். தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தாள். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், விரலையும் வைத்து மறைத்தாள். வெளிச்சம் மஞ்சளாக, மங்கலாக வந்தது. அதற்குப் பிறகுதான் அதைத் தூக்கி அவன் முகத்தில் காட்டினாள். அவன் கண்ணைத் திறக்கும்வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் திறந்தான். அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பயப்படாதே என்கிற மாதிரி அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.